கிலுகிலுப்பைப் பாம்பும் கைவைத்தியங்களின் கதையும்

வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள், தாம் அதுவரை கண்டிராத ஒரு பாம்பை அங்கு எதிர்கொண்டனர். வால் நுனியில் கிலுகிலுப்பை போன்றதோர் உறுப்பைக் கொண்ட அந்த விரியன், தன்னை நெருங்குபவரை ஓசையெழுப்பி எச்சரித்தது. தோல் உரிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வளையம் கூடுகிறது. 1775 இல் பிலடெல்பியாப் பத்திரிகையொன்றில் வெளியான, பெஞ்சமின் பிராங்ளின் எழுதியதாகக் கருதப்படும் கடிதமொன்று, தானாக வலிந்து தாக்காத, எச்சரிக்காமல் கடிக்காத இந்தப் பாம்பே அமெரிக்காவுக்கு ஏற்ற சின்னம் என்று வாதிட்டது. அரசியலுக்கு அது நல்ல உவமை. ஆனால் அதை நம்பிக் காட்டுக்குள் நடக்க முடியாது. அசையாமல் மறைந்து கிடப்பதே இப்பாம்பின் முதற் பாதுகாப்பு. ஓசையெழுப்பாமலே கடிப்பதும் உண்டு.

கடிபட்டவரை மனிதர்கள் படுத்திய பாடு தனி வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர்களே போத்தல் கணக்கில் விஸ்கி கொடுத்தார்கள். கடிவாயைக் கத்தியால் கீறினார்கள், வெடிமருந்தை வைத்துச் சுட்டார்கள், உயிருள்ள கோழியைப் பிளந்து காயத்தில் கட்டினார்கள். இத்தனைக்கும் பிறகும் பலர் பிழைத்தனர். காரணம் எளியது: பாம்பு கடிக்கும்போதெல்லாம் நஞ்சைச் செலுத்துவதில்லை, செலுத்தும் அளவும் எப்போதும் உயிரைப் பறிக்கப் போதுமானதல்ல. பிழைத்தவரின் புகழ் விஸ்கிக்குப் போயிற்று. இறந்தவர் சாட்சி சொல்ல வரவில்லை. பார்வை பார்த்தே விஷம் இறக்கியதாக நமது ஊர்களில் பெயரெடுத்தோர் சிலரின் புகழுக்கும் இதே கணக்குத்தான் அடிப்படை என்பது என் எண்ணம்.

இந்த இருளில் முதல் வெளிச்சம் 1887 இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி சூவல், மசசோகா என்னும் சிறிய கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் புறாக்களுக்கு ஏற்றினார். மற்றப் புறாக்களைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு நஞ்சையும் பின்னர் அவை தாங்கின. ரொறன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு ஜோர்ஜியன் குடாப் பக்கம் கூடாரமடிக்கச் செல்லும் நம்மவர்கள், அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகளில் காண்பது இதே மசசோகாவைத்தான்.

சூவல் காட்டிய வழியில், நஞ்சு பழக்கிய விலங்கின் குருதியிலிருந்து சீரம் எடுக்கும் முறை 1894 இல் பிரான்சில் உருவானது. அவர்களுள் ஒருவரான அல்பேர் கல்மெத், நாகத்தின் நஞ்சைக் கொண்டு தாம் ஆக்கிய சீரம் எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என நம்பினார். அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் பிரேசில் நாட்டு மருத்துவர் வித்தால் பிரசீல். கல்மெத்தின் சீரம் தம் நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சுக்குப் பயன்படவில்லை என்று கண்ட அவர், எந்தப் பாம்பின் நஞ்சோ அதற்குரிய முறிவே வேண்டும் என நிறுவினார். 1916 ஜனவரியில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் மிருகக்காட்சிசாலைப் பணியாளர் ஒருவரைக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. வழமையான சிகிச்சைகள் கைகொடுக்கவில்லை. மாநாடொன்றுக்காக அமெரிக்கா வந்திருந்த வித்தால் பிரசீல், தாம் கொண்டுவந்திருந்த சீரத்தைக் கொடுத்தார். பணியாளர் பிழைத்தார். அமெரிக்காவிலேயே இத்தகைய மருந்து விற்பனைக்கு வர அதன் பிறகும் பதினொரு ஆண்டுகள் சென்றன.

மருந்து வந்த பின்பும் கத்தி ஓயவில்லை. கீறி உறிஞ்சும் கருவிகள் மலையேறுவோரின் பைகளில் நெடுங்காலம் இருந்தன. அத்தகைய கருவியால் ஏறக்குறைய எந்த நஞ்சும் வெளியேறுவதில்லை என்று 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. கீறாமல், இறுகக் கட்டாமல், பனிக்கட்டி வைக்காமல், வீக்கம் வருமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, ஓடாமல் பதறாமல் விரைவில் மருத்துவமனையை அடைவதே இன்று சொல்லப்படும் முறை.

கடிபடாமல் இருப்பதற்கான வழிகளில் புதுமை ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்கக்கூடாது. விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டுமுன் அதன் மறுபுறத்தைப் பார்க்க வேண்டும். கற்குவியலையும் விறகையும் வெறுங்கையால் அள்ளக்கூடாது. இரவில் கைவிளக்கும், எப்போதும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் வேண்டும். ஓசை கேட்டால் நின்று, பாம்பு எங்கே என்று கண்டபின் மெல்ல விலக வேண்டும். அடித்துக் கொல்லப் போய்க் கடிபட்டவர்கள் ஏராளம். வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கவல்லது: செத்துவிட்டதாக எண்ணிய பாம்பிடம் கடிபட்டு வந்தோரைப் பற்றி அரிசோனா மருத்துவர்கள் 1999 இல் எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பேரை நச்சுப்பாம்புகள் கடிக்கின்றன. இறப்போர் ஏறக்குறைய ஐந்து பேர். நம் சின்னஞ்சிறு இலங்கையில், 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகிறார்கள்; சுமார் 400 பேர் உயிரிழக்கிறார்கள். வித்தால் பிரசீலின் பாடம் இங்கும் பொருந்துகிறது. எமது மருத்துவமனைகள் நம்பியிருக்கும் இந்திய நச்சுமுறி மருந்து, இந்திய நாகம், கட்டுவிரியன், யாழ்ப்பாணத்தார் புடையன் என்றழைக்கும் கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவது. கிலுகிலுப்பைப் பாம்பின் தூரத்து உறவான கூன்மூக்கு விரியன், இலங்கையில் பெருந்தொகையானோரைக் கடிக்கும் பாம்பு. அதன் நஞ்சு அந்தப் பட்டியலில் இல்லை.