அக்கரைக்குச் சென்ற ஸலாம்

மன்னர்கள் படையெடுத்த ஆண்டுகளையும் கோட்டைகள் வீழ்ந்த தேதிகளையும் சரித்திர நூல்கள் தவறாமல் குறித்து வைத்திருக்கின்றன. ஆனால், பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒரு சாதாரண மனிதன், 'சுகமாக வந்து சேர்ந்தேன்' என்று தன் வீட்டாருக்கு எவ்வாறு தெரிவித்தான்? அந்த ஒரு சொல் வீடு வந்து சேர எத்தனை நாள் பிடித்தது? அதுவரை அந்த வீட்டில் பொழுது எப்படி விடிந்தது? இவை பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. ஜித்தாவில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் கைக்குள் அடங்கும் செல்பேசியில் முகம் பார்த்துப் பேசும் இந்நாளில், அந்தச் செய்தியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை மனத்தில் நிறுத்தி இதனை எழுதுகின்றோம்.

வானம் பார்த்த பூமி

1985ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வட்டாரம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாற்றில் மழைக்காலத்துச் சில நாள்கள் நீர் ஓடும். எஞ்சிய நாள்களில் மணலே கிடக்கும். கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும்தான் கதி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துவிட்டால் அவையும் இல்லை. அருப்புக்கோட்டைக்குத் தறி உண்டு. ஆனால் நூல் விலை ஏறினால் தறியும் ஓய்ந்துவிடும். இத்தகைய மண்ணில் பிறந்தவர்கள் எந்தச் சமூகத்தாராயினும் வெளியூரையும் வெளிநாட்டையும் நோக்கிப் புறப்பட்டதில் வியப்பென்ன?

பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல் நம் மக்கள் நாவில் 'சபர்' ஆயிற்று. கடல் கடந்து சென்றவர் 'சபராளி' ஆனார். அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது இலங்கை வழி. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம்வரை இரயில் பாதை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடலாயிற்று. திருச்சுழிக்காரர் மானாமதுரைக்குச் சென்று இரயில் ஏறினால் கொழும்பு எட்டிவிடும் தொலைவில் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கிருந்து சென்ற கப்பல் வழியும் அழிந்தது.

இரண்டாவது வழி சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல் வழி. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை அறியாத பழைய மலேயாக் குடும்பம் தமிழகத்தில் இல்லை எனலாம். அதன் காலம் முடிந்தபின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் ஏற்பட்ட தீவிபத்தோடு அந்தக் கடல் வழியும் முடிவுக்கு வந்தது.

கடிதமும் அதைப் படித்தவரும்

சபராளி அக்கரை சேர்ந்ததும் செய்த முதல் வேலை கடிதம் எழுதுவது. தலைப்பில் 786, அடுத்து ஸலாம், பிறகு 'நலம், நலமறிய ஆவல்'. அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியே ஸலாம். ஒரு பெயர் விடுபட்டாலும் அது மனத்தாங்கலாகிவிடும். கப்பலில் வந்த கடிதம் கிராமம் சேர வாரங்கள் ஆயின. பதில் போய்ச் சேர மேலும் சில வாரங்கள். 'குழந்தைக்குக் காய்ச்சல்' என்று இங்கிருந்து எழுதிய கடிதத்தைத் தந்தை அங்கே படிக்கும்போது குழந்தை எழுந்து விளையாடிக்கொண்டிருக்கும், அல்லது அடங்கிப்போயிருக்கும். அவர் படித்தது முடிந்துபோன செய்தியையே.

கடிதத்திற்கு இன்னொரு குறையும் இருந்தது. எழுத்தறியாத தாயும் மனைவியும் பிறரைக் கொண்டே அதைப் படிக்கவேண்டியிருந்தது. கணவன் மனைவிக்கு எழுதியதைத் தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ உரக்கப் படிப்பார் என்றால், அதில் எதைத்தான் எழுத முடியும்?

இவ்விடத்தில் நம் சமுதாயம் கண்ட ஒரு வழியை நினைவுகூர வேண்டும். குர்ஆன் ஓதப் பழகிய பெண்களுக்கு அரபு எழுத்து தெரியும். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைக் கூடுதலாக அமைத்துக்கொண்டு, தமிழை அரபு எழுத்தில் எழுதிய முறையே அரபுத்தமிழ். மார்க்க நூல்கள் பல அதில் வெளிவந்தன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் பெண்கள் கடிதம் எழுதவும் அது பயன்பட்டது. தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெருநூல் இந்த எழுத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. பெண்கள் தம் மனத்தில் உள்ளதை இடையாள் இன்றித் தாமே எழுதித் தாமே படிக்க அது துணை நின்றது என்பது சிறிய காரியமன்று.

தந்தியும் டிரங்காலும்

1871இல் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்திக் கம்பியால் இணைக்கப்பட்டன. வாரக்கணக்கில் சென்ற செய்தி மணிக்கணக்கில் செல்லலாயிற்று. ஆயினும் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் தந்தியில் ஏழை எதைச் சொல்வான்? மரணத்தையே சொன்னான். ஆகவேதான், தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே உறையைப் பிரிக்குமுன் அழுகுரல் எழுந்தது. தந்தியில் மகிழ்ச்சியும் வந்ததுண்டு. வாழ்த்துகளுக்கு எண்ணிட்டு அஞ்சல்துறை வைத்திருந்த பட்டியலில் 'ஈத் முபாரக்' இரண்டாம் எண். அந்த எண்ணைக் குறிப்பிட்டால் போதும். பெருநாள் வாழ்த்து போய்ச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

1970களில் சபராளிகளின் முகம் வளைகுடாப் பக்கம் திரும்பியது. குவைத்தும் துபாயும் ஜித்தாவும் வீட்டுச் சொற்களாயின. அங்கிருந்து வந்தவர்கள் டேப்ரிக்கார்டர் கொண்டு வந்தார்கள். கடிதத்தைக் குரலாகவே ஒலிநாடாவில் பதிந்து, ஊர் செல்பவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் பிறந்தது. எழுதத் தெரியாத தாயும் மகனுக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடிந்தது. அதே பத்தாண்டில் மலையாளத்தில் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய 'துபாய்க் கத்துப் பாட்டு', கணவனைப் பிரிந்த மனைவியின் கடிதமாகவே அமைந்து கேரளமெங்கும் பரவியது. அந்த ஏக்கம் மலையாளக் கரைக்கு மட்டும் உரியதா என்ன?

தொலைபேசியோ எட்டாக் கனியாகவே இருந்தது. டிரங்கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் மூன்று நிமிடக் கணக்கு. 1984இல் ஸி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, சிற்றூர்களுக்கு ஏற்ற தொலைபேசி நிலையங்களை உள்நாட்டிலேயே உருவாக்கியது. அதன்பின்னரே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று எழுதிய மஞ்சள் பலகைகள் நம் கடைத்தெருக்களில் தோன்றின. அருப்புக்கோட்டையின் 04566 என்னும் குறியெண் வளைகுடாவில் இருந்த இவ்வட்டாரத்தாருக்கு மனப்பாடம். தன் வீட்டில் தொலைபேசி இல்லாதவர் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, 'பி.பி.' என்று அருகில் குறிப்பார். வெள்ளிக்கிழமை அழைப்பு வரும் என்றால் அந்த வீட்டுத் திண்ணையில் தாயும் மனைவியும் பிள்ளைகளும் முன்னதாகவே வந்து அமர்ந்திருப்பார்கள். பேசக் கிடைத்த நேரத்தில் பாதி, 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே கழியும்.

மூன்று மௌனங்கள்

செய்தியின் அருமை, அது அற்றுப்போகும்போதே விளங்கும். நம் நாட்டுச் சபராளிக் குடும்பங்கள் இந்த நூறாண்டுகளில் மூன்று பெருந்துயர்களைக் கண்டிருக்கின்றன.

முதலாவது, 1942. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து பலர் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து வந்தார்கள். மலேயாவில் இருந்தவர்களுக்கோ வழியே இல்லை. மூன்றரை ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலரைப் பற்றி இங்கே ஒரு தந்தியும் வரவில்லை. மனைவி இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்று தெரியாத வீடுகள் எத்தனையோ!

இரண்டாவது, 1990. ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. மஞ்சள் பலகைக் கடைகளில் எண்ணைச் சுழற்றிச் சுழற்றி விரல் ஓய்ந்தவர்களுக்கு வானொலிச் செய்தியே கதி. பாக்தாத் வழியாகவும் பாலைவனத்தைக் கடந்தும் ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்த நம் நாட்டவர், ஏறத்தாழ 1,70,000 பேர், விமானங்களில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலருடைய வீட்டாருக்கு, ஆள் பம்பாயில் இறங்கிப் பேசியபோதுதான் உயிர் வந்தது.

மூன்றாவது, 2020. கொரோனா நோயினால் மார்ச் 22 முதல் நாட்டுக்கு வரும் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7ஆம் நாள் மீட்பு விமானங்கள் தொடங்கும்வரை, சபராளி அறைக்குள்ளும் குடும்பம் வீட்டுக்குள்ளும் முடங்கிக் கிடந்தனர். ஆனால் இம்முறை செய்தி நிற்கவில்லை. அன்றாடம் பேசினார்கள், மருந்து கிடைத்ததா, உணவு கிடைத்ததா என்று கேட்டறிந்தார்கள். ஊரில் தந்தை மறைந்தபோது ஜனாஸாவை மகன் செல்பேசித் திரையில் கண்டு, அங்கிருந்தே கையேந்தி அழுதான். ஒரு பிடி மண் போடக் கை எட்டவில்லை. ஆயினும் முகம் பார்க்கும் பேறு கிட்டியது. 1942இன் மௌனத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செல்பேசி நமக்குச் செய்த உபகாரத்தின் அளவு புலப்படும்.

வீட்டுப் பதிவேடு

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31இல் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அன்று வந்த அழைப்புக்கும் கட்டணம் உண்டு. வெளிநாட்டு அழைப்புகளில் ஒரே நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2002 ஏப்ரலில் முடிந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன்பிறகே செல்பேசி கூலிக்காரன் சட்டைப் பைக்குள் புகுந்தது. அப்போதும் காசை மிச்சப்படுத்த நம்மவர் ஒரு வழி கண்டார்கள். ஒருமுறை மணி அடித்து நின்றால் 'சுகமாகச் சேர்ந்தேன்'. இரண்டு முறை அடித்தால் 'நீங்கள் அழையுங்கள்'. 2016இல் இணையக் கட்டணம் சரிந்தபின் பேச்சோடு முகமும் வந்தது.

அந்நிய நாட்டில் நம் செல்பேசி எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு நயம் உண்டு. செல்பேசி நிறுவனம் ஒவ்வொன்றும் இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கிறது. ஒன்று தன் சொந்தச் சந்தாதாரர்களுக்கான வீட்டுப் பதிவேடு. மற்றொன்று வெளியிலிருந்து வருவோருக்கான விருந்தாளிப் பதிவேடு. ஜித்தாவில் இறங்கிய ஹாஜி தம் செல்பேசியைத் திறந்ததும், அங்குள்ள நிறுவனம் அவர் எண்ணைக் கொண்டு இங்குள்ள வீட்டுப் பதிவேட்டைக் கேட்கிறது: 'இவர் உம்மவர்தாமா?' ஆம் என்று இங்கிருந்து விடை சென்ற பின்னரே அவர் அங்கே விருந்தாளியாகப் பதியப்படுகிறார். ஊரில் யாரேனும் அவரை அழைத்தால், அவர் எங்கிருக்கிறார் என்பதை வீட்டுப் பதிவேடே சொல்லி அனுப்புகிறது. எங்கே சென்றாலும் வீடு அறிந்த பின்னரே பிறர் ஏற்பர் என்னும் நம் பழைய முறை, பொறியாளர் கையிலும் அப்படியே இருக்கிறது.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் கடனடைத்து, கண்டவரிடமெல்லாம் பிழை பொறுக்கக் கேட்டு விடைபெறும் வழக்கம் இன்றும் உள்ளது. பம்பாய்க் கப்பல் காலத்தில் அந்த விடையில் மெய்யான அச்சம் இருந்தது. திரும்பி வரும்வரை தகவல் அரிது. கடல்வழி ஹஜ் 1995இல் நின்றது. இன்று மினாவிலிருந்து 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்கலாம். நன்மையே. எனினும், பயணத்தின் தனிமையில் மனம் பெறும் பாடத்தை ஓயாத பேச்சு கெடுத்துவிடலாகாது என்பதையும் எண்ண வேண்டும்.

எஞ்சுவது எது?

இவ்வளவு நன்மைக்கு நடுவே ஓர் இழப்பும் நேர்ந்திருக்கிறது. இந்த வறண்ட மண்ணின் சபராளிகள் தங்களைப் பற்றி நூல் எழுதவில்லை, கல்வெட்டு பொறிக்கவில்லை. என்ன சம்பளம் வாங்கினார்கள், எங்கே உறங்கினார்கள், எந்த ஆண்டு மழை பொய்த்ததற்கு எவ்வளவு பணம் அனுப்பினார்கள் என்பதற்கெல்லாம் அவர்கள் கடிதங்களே சான்று. செல்பேசியில் பேசிய பேச்சோ பேசிய மாத்திரத்தில் காற்றோடு போகிறது; அனுப்பிய செய்தியும் கருவி பழுதானால் அதனுடன் மறைகிறது. மௌனம் இல்லாத இந்தக் காலத்தைப் பற்றி நம் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சப்போவது மௌனம்தானா?

ஆகவே குடும்பத்தாரை ஒன்று கேட்டுக்கொள்கின்றோம். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் மலேயாக் கடிதங்களையும் குவைத் ஒலிநாடாக்களையும் வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். உறையின் மேல் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அரபுத்தமிழில் இருந்தால், படிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே படித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செல்பேசியிலேயே முதியவர்களின் பயணக் கதையைப் பதிந்து, இரண்டோர் இடங்களில் படியெடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் நாள்தோறும் பேசுவதோடு, ஆண்டுக்கு ஒருமுறை, பெருநாளன்றாவது, தாய்க்குத் தம் கையால் ஒரு கடிதம் எழுதட்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியே ஸலாம் கூறி எழுதட்டும். எவர் பெயரும் விடுபடாமல்.