பெரம்பூர்க்காரரின் நாட்குறிப்பும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியும்

சம்பா அறுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு கிடைச்சதால, கோபாலபுரத்துல இருக்கிற மக வீட்டுல பத்து நாள் தங்கினேன். மாடு கன்னு இல்லாத வீட்டுல பொழுது போகணுமே. மருமகன் நூலகத்துலருந்து ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல ஒரு தொகுதியை எடுத்துட்டு வந்து குடுத்தார். நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன், ஆனாலும் படிக்க முடிஞ்சுது. மனுசன் பேசற மாதிரியே எழுதியிருக்கார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டாங்க, யார் யாரைப் பத்திக் கோள் சொன்னாங்க, எல்லாம் இருக்கு.

அவர் பாண்டிச்சேரிக்காரர்னுதான் நான் நெனச்சிருந்தேன். பிறந்தது நம்ம பெரம்பூராம், 1709-ல. அப்பா திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. மச்சான் நைனியப்பப் பிள்ளை கூப்பிட்டதால குடும்பத்தோட பாண்டிச்சேரி போனவர். பெண் எடுத்தது எங்க செங்கல்பட்டுச் சீமையில, மனைவி பேரு மங்கத்தாயி. இதைப் படிச்சதும் ஸ்டெல்லா மாரிஸ் நிறுத்தத்துல 29சி ஏறி ஒரு நாள் பெரம்பூர் போய்ப் பார்த்தேன். பார்க்க என்ன இருக்கு, ரயிலும் கடையும்தான். இருந்தாலும் போகணும்னு தோணிச்சு.

நைனியப்பப் பிள்ளை கதைதான் என்னை உலுக்கிடுச்சு. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷி. 1716-ல அவரைப் பிடிச்சு விசாரணை நடத்தி, கசையடி, அபராதம், சிறைன்னு தீர்ப்பு. அடுத்த வருசம் சிறையிலேயே உயிர் போயிடுச்சு. மகன் குருவப்பா சும்மா இருக்கல. கப்பலேறி பாரிசுக்கே போய் முறையிட்டார். அப்பா மேல இருந்த பழி நீங்கிச்சு. அங்கேயே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டமும் வாங்கித் திரும்பினார். 1724-ல இறந்தும் போனார். முந்நூறு வருசத்துக்கு முன்னாடி கப்பலேறிய ஒரு தமிழ்ப் பிள்ளை ஞானஸ்நானத்துல வாங்கின பேரு வரைக்கும் காகிதத்துல நிக்குது.

ஆனந்தரங்கர் 1736 செப்டம்பர்ல எழுத ஆரம்பிச்சார். துய்ப்ளே கவர்னரா இருந்த காலமெல்லாம் அதுல வருது. 1761 ஜனவரியில, பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரன் கையில விழறதுக்குச் சில நாள் முன்னாடி கண்ணை மூடினார். அதோட எழுத்து நிக்கல. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். அப்புறம் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1790-களிலும் எழுதியிருக்கார். கட்டுக் கட்டா வாரிசுகள் வீட்டுலயே கிடந்ததை 1846-ல கலுவா மோம்பிரேன்ங்கிற பிரெஞ்சுக்காரர் பார்த்து வெளியே கொண்டு வந்தார். சென்னை அரசாங்கம் 1904-லருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா இங்கிலீஷ்ல போட்டுது. நடுநடுவுல சில காலத்து ஏடுகள் கிடைக்கவே இல்லை. நாட்டுல நடந்ததை எழுதி வச்ச வீட்டுக்கே இந்தக் கதி.

எங்க வீட்டுல இருக்கிறது ஒரு தகர டிரங்குப் பெட்டி. ஊருக்குத் திரும்பினதும் பரண்லருந்து இறக்கினேன். கிஸ்தி ரசீது, ரெண்டு அடமானப் பத்திரம், 1938-ல தாத்தாவும் அவர் அண்ணன் தம்பியும் எழுதிக்கிட்ட பாகப் பத்திரம். அதுல மூணு சகோதரர் பேரு, அவங்க தகப்பனார் பேரு, கிணத்துல யாருக்கு எந்த முறைத் தண்ணி, புளியமரம் யாருக்கு, எல்லாம் சுத்தமா இருக்கு. ரெண்டு சகோதரிங்க இருந்தாங்க, அவங்க பேரைக் காணோம். புளியமரத்துக்குக் கிடைச்ச இடம் அவங்களுக்குக் கிடைக்கல. ஒருத்தி பேரை அத்தை சொன்னாங்க. இன்னொருத்தி பேரு அத்தைக்கும் நினைவில்லை.

அதுக்கு மேல காது வழிச் செய்திதான். தாது வருசப் பஞ்சத்துல, அதாவது 1876-78-ல, எங்க பூட்டனோட தம்பி ஒருத்தர் சென்னைத் துறைமுகம் வரைக்கும் நடந்துபோய்க் கப்பலேறினாராம். "நேட்டாலுக்குப் போனான், காசு அனுப்பறேன்னான், கடுதாசிகூட வரல" என்று அத்தையோட பாட்டி சொல்லுவாங்களாம். கரும்புத் தோட்டக் கூலிக்குப் போன கூட்டம் அது. முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலருந்து கிளம்பி 1860 நவம்பர்ல டர்பன்ல ஆளை இறக்கிச்சு. 1911 வரைக்கும் இந்தியாவுலருந்து போனவங்க 1,52,184 பேர்.

எண்ணிக்கை அவ்வளவு துல்லியமா இருக்கக் காரணம், ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு எழுதி வச்சிருக்கான். பேரு, தகப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்புல உள்ள அடையாளம். கூலி ஓடிட்டாப் பிடிக்கணுமே, அதுக்காக எழுதினது. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்னும் இருக்கு, இப்ப கம்ப்யூட்டர்லயும் தேடலாம்னு மருமகன் சொன்னார். ஆனந்தரங்கர் மாதிரி எழுத எங்க வீட்டுல ஆளில்லை. தோட்டக்காரனுக்காக எழுதின கணக்குலதான் எங்காளு இருந்தா இருக்கணும். இதை நெனச்சா ஒரு மாதிரிதான் இருக்கு.

தேடலாம்னு உக்காந்தா முதல் கட்டமே பேரு. அவரை வீட்டுல எல்லாரும் "சின்னவன்" என்றுதான் கூப்பிட்டிருக்காங்க. அத்தைக்கும் அதுக்கு மேல தெரியல. தகப்பன் பேரு எனக்குத் தெரியும், ஆனா அதே பேரு நம்ம ஜில்லாவுல ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும்.

போன வாரம் அத்தைகிட்ட மறுபடியும் போய் உக்காந்தேன். எண்பத்தெட்டு வயசு, காது மந்தம், ஆனா பழசு கேட்டா முகம் தெளிஞ்சிடும். "பேரு கெடக்கட்டும்டா, அவனுக்கு வலது கை சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கவலை இறைக்கிறப்ப வடத்துல மாட்டிப் போச்சுன்னு பாட்டி சொல்லும்" என்றாங்க.

அன்னிக்கு ராத்திரியே மகளுக்குப் போன் போட்டேன். 1876-லருந்து 1879 வரைக்கும், செங்கல்பட்டு ஜில்லா, வலது சுண்டுவிரல் குறைன்னு எழுதிக்கிட்டா. ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கா.