கொல்லிமலைத் தீயும் மார்ச் 31-ம்

கொல்லிமலையில் தீத்தடுப்புப் பணிக்கு உகந்த காலம் மார்கழியும் தை மாதத்தின் முற்பகுதியும்தான். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த புல் அப்போது பழுத்திருக்கும், முற்றிலும் காய்ந்திருக்காது. அதை வெட்டி, சருகைக் கூட்டி அகற்றி, காட்டின் குறுக்கே சில மீட்டர் அகலத்துக்கு வெறுந்தரையாக ஒரு பட்டை அமைத்துவிட்டால், பின்னர் எங்கோ விழும் பொறி அந்தப் பட்டையோடு அடங்கிவிட வாய்ப்புண்டு. வனத்துறை இதனைத் தீத்தடுப்புக் கோடு என்கிறது. மாசி பாதி கழிந்த பிறகு இதே வேலையைத் தொடங்குவதால் பெரிய பயன் இல்லை.

அரசின் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. அதாவது, பிப்ரவரியில் தொடங்கி மே வரை நீளும் தீக்காலத்தின் நட்டநடுவில். முற்பாதியில் நடப்பாண்டின் கடைசித் தவணைக்காகக் காத்திருக்க நேரிடுகிறது. பிற்பாதியில் புதிய ஒதுக்கீட்டுக்கான ஆணைக்குக் காத்திருக்க நேரிடுகிறது. குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைத் தீ பறித்தது 2018 மார்ச் 11-இல். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அனுமதிகள் இறுகின. நிதி வழங்கும் நாள்காட்டி மட்டும் மாறவில்லை. பொது நிதியியலை வகுப்பறையில் நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், காட்டுத்தீ விவாதங்களில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய பேசப்படுவதே இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

கொல்லிமலையின் நில அமைப்பு இதை மேலும் கடுமையாக்குகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்லும்போது, அடிவாரத்தின் முட்புதர்க் காடும் சரிவுகளின் இலையுதிர் காடும் கோடையில் காய்ந்து நிற்பதைக் காணலாம். இடையிடையே உண்ணிச்செடிப் புதர்கள், தீயைத் தரையிலிருந்து மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணிபோல. சரிவில் மேல்நோக்கிப் பரவும் தீ சமதளத் தீயைவிட வேகம் மிக்கது. கீழே சாலையோரத்தில் ஒருவர் அணைக்காமல் எறிந்த சிகரெட், மேலே உள்ள சிற்றூரின் மிளகுத் தோட்டத்தை எட்டிவிடக்கூடும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளேனும் ஆகும். ஒரு பகற்பொழுதுத் தீ, ஒரு குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. எரிந்து மொட்டையான சரிவின் மேல்மண்ணை முதல் கோடைமழை ஓடைகளில் கொண்டு சேர்ப்பது தனிக் கணக்கு.

இந்தியாவில் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதரால் மூட்டப்படுவதே. மலைவாழ் மக்களை மட்டும் அதற்குக் குற்றவாளிகளாக்குவது நெடுநாள் பழக்கம். தேனெடுப்போரின் புகையும், வயலோரத்தில் எரிக்கப்படும் குப்பையும் காரணங்களில் அடங்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மலையைச் சுற்றிப் பார்க்க வருவோரின் அடுப்பும் அலட்சியமும் அதே பட்டியலில் உள்ளன. தீயை மூட்டுபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர் என்ற நிலையைப் பொருளியலில் புறவிளைவு என்போம். இத்தகைய இடத்தில் சந்தை தானாகத் தீர்வு தராது, பொதுப்பணம் தேவை.

அந்தப் பணம் எவ்வளவு? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் இணைந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கை, காட்டுத்தீயால் நாட்டுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 1,101 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டது. மத்திய அரசின் காட்டுத்தீத் தடுப்பு, மேலாண்மைத் திட்டத்துக்கான ஆண்டு ஒதுக்கீடோ நாடு முழுமைக்கும் சுமார் 50 கோடி ரூபாய் என்ற அளவையே சுற்றி வந்திருக்கிறது. தமிழகம் போன்ற மாநிலங்கள் அதில் 40 சதவீதத்தைத் தம் பங்காக இட வேண்டும். அண்மையில் தேசியப் பேரிடர்த் தணிப்பு நிதி முதலியவற்றிலிருந்து 19 மாநிலங்களின் 144 மாவட்டங்களுக்கு 818.92 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது வரவேற்கத்தக்க மாற்றம். வகுத்துப் பார்த்தால் மாவட்டத்துக்குச் சராசரி 5.69 கோடி.

தொகை குறைவு என்று வருந்துவதைவிட, அது எவர் கைக்குப் போகிறது என்று கேட்பதே பயனுள்ளது. பணம் துறைக்குப் போகிறது. துறை தற்காலிகத் தீக்காவலர்களுக்கு நாட்கூலி தருகிறது. ஊர் என்ற அமைப்புக்கு, ஊரே திட்டமிட்டுச் செலவிடும் வகையில் ஒரு தொகையும் போவதில்லை. (தமிழில் 'மானியம்' என்ற ஒரே சொல், எரிவாயு உருளையின் விலைக்குறைப்புக்கும் பணிக்கென வழங்கும் நிதிக்கும் பயன்படுவது ஒரு குழப்பம். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.)

கூட்டு வன மேலாண்மை குறித்து மத்திய அரசு 1990-இல் வழிகாட்டியது. தமிழகத்தில் 1997-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழுக்களை உருவாக்கியது. திட்டநிதி நின்றதும் பல இடங்களில் குழுக்களும் பெயரளவில் நின்றுவிட்டன. வன உரிமைச் சட்டம் 2006, காட்டைப் பாதுகாக்கும் உரிமையையும் கடமையையும் கிராம சபைக்குத் தருகிறது. பணத்தைப் பற்றி மௌனம் காக்கிறது. தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாததால், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலையின் கிராம சபைக்கும் சமவெளிக் கிராம சபைக்கும் அதிகாரத்தில் பெரிய வேறுபாடில்லை.

அமெரிக்கா 2021-இல் இயற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தின் வழியே, ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலரைச் சமூகங்களின் காட்டுத்தீத் தற்காப்புக்கு மானியமாக ஒதுக்கியது. உள்ளாட்சிகளும் பழங்குடி அமைப்புகளும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். திட்டம் தீட்ட 2.5 லட்சம் டாலர் வரை, செயல்படுத்த ஒரு கோடி டாலர் வரை. பின்தங்கிய சமூகங்களுக்குச் சொந்தப் பங்குத்தொகையில் விலக்கும் உண்டு. முன்கூட்டியே பணம், ஊரின் கையில் திட்டம் என்ற இரண்டும் நாம் கற்கத்தக்கவை. விண்ணப்பப் போட்டி என்ற மூன்றாவது கூறு நமக்கு ஒவ்வாது. போட்டி என்று வந்தால் நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊர் வெல்லும்; எரியும் ஊர் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. காட்டு எல்லையின் நீளம், கடந்தகாலத் தீப்பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு சூத்திரப்படி பகிர்வதே நேர்மை. செயற்கைக்கோள் வழியே திரட்டப்படும் தீப்பதிவுகள் இந்திய வன ஆய்வு நிறுவனத்திடம் உள்ளன.

ஊக்கத்தொகையை எதற்குத் தருவது என்பதில் எச்சரிக்கை வேண்டும். அணைப்பதற்குக் கூலி என்றால், கூலி வேண்டுவோருக்குத் தீயே வேலைவாய்ப்பாகிவிடும். இந்தோனேசியாவின் ரியாவு மாகாணத்தில் ஒரு காகித நிறுவனம், தீயே இல்லாத கிராமத்துக்கு 10 கோடி ருபியா மதிப்பில் பரிசு என்று அறிவித்துச் செயல்படுத்தியது. நல்ல யோசனைதான், ஆயினும் பரிசு போய்விடுமே என்று சிறு தீயை மறைக்கும் தூண்டுதலும் அதில் உண்டு. அதைவிட, வெட்டி முடித்த கோட்டின் நீளத்துக்கும் அகற்றிய உண்ணிச்செடியின் பரப்புக்கும் பணம் தருவது மேல். அளவு நாடா போதும், எவரும் சரிபார்க்கலாம்.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என அவற்றின் பெயர்களிலேயே பழைய நாட்டமைப்பு தொடர்கிறது. கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபு அங்கே புதிதாகப் புகுத்தப்பட வேண்டியதன்று. ஊராட்சிக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 42 லட்சம். மேலே சொன்ன மாவட்டச் சராசரியில் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. காப்புக்காடு ஊராட்சியின் எல்லைக்கு வெளியே உள்ளது என்பது தணிக்கையில் எழும் முதல் ஆட்சேபமாக இருக்கும். கிராம வனக்குழுவின் பெயரில் கணக்குத் தொடங்கி, வனச்சரக அலுவலர் இணைக் கையொப்பமிட்டால் அது தீரும். இரண்டாவது ஆட்சேபம், மார்ச் 31-இல் செலவாகாத தொகை திரும்ப வேண்டும் என்பது. இந்த ஒரு தலைப்புக்கு மட்டும் ஜூன் 30 வரை செலவிட நிதித்துறை தனி ஆணை பிறப்பிக்கலாம். மானியத்தின் முதல் தவணை டிசம்பர் முதல் வாரத்துக்குள் செம்மேட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதையும் அதே ஆணையில் எழுதலாம்.