பென்ஷன் தாளும் மனக்காயமும்

ஓசூரை அடுத்த மத்திகிரியின் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே ஹைதர், திப்பு காலப் போர்களில் கிருஷ்ணகிரிக் கோட்டையைச் சுற்றி ரத்தம் சிந்தியிருக்கிறது. படையோடு இத்தனை பழைய உறவுள்ள மண்ணில், வீடு திரும்பிய வீரனைக் கவனிக்கும் ஏற்பாடு மட்டும் தாமதமாக, இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1919இல் அமைந்த இந்தியப் படைவீரர் வாரியத்தின் வழிவந்த அலுவலகங்கள் பென்ஷனையும் மறுவேலையையும் பார்த்துக்கொண்டன. அதே போரில் ‘ஷெல் ஷாக்’ என்று பெயர் பெற்ற மனக்காயமோ மருத்துவர்கள் பொறுப்பானது. இன்றும் நல அலுவலகம் கிருஷ்ணகிரியில். மனதுக்குப் பெரிய மருத்துவமனையான நிம்ஹான்ஸ் எல்லை தாண்டி பெங்களூரில். நிர்வாக வசதிக்காக வகுத்த இந்தப் பிரிவினையை, நோயாளியின் வாழ்க்கையில் எங்கே தேடினாலும் காண முடியாது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் வாசலையே பாருங்கள். 1986இல் தமிழக அரசு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவைத் தொடங்கியது முதல், முன்னாள் படைவீரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது காவல் வேலை. குண்டுச் சத்தம் கனவில் வந்து எழுப்பும் ஒருவருக்கு இரவு ஷிப்ட் போட்டால் எந்த மருந்தும் கேட்காது. ஷிப்டை மாற்றித் தருவது நலப்பணியா, சிகிச்சையா? அமெரிக்காவில் 1979இல் வியட்நாம் வீரர்களுக்காகத் திறந்த மையங்கள் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரக் கூசியவர்களைத் தேடி ஊருக்குள் போய், வேலைக்கான உதவியையும் மனம்விட்டுப் பேசும் சிகிச்சையையும் ஒரே இடத்தில் தந்தன. ஷெல் ஷாக் எனப்பட்ட அந்த நோயின் இன்றைய பெயர் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியதே அடுத்த ஆண்டுதான். நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்து வைத்தியம் பார்த்தார். 1970களில் நிம்ஹான்ஸ், ஓசூருக்கு அண்டை வட்டமான ஆனேக்கல்லின் சக்களவாராவில் கிராமத்து மையம் அமைத்து, சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தது.

நல அலுவலகத்திலேயே மனதையும் கவனிக்கலாம் என்றால், பென்ஷன் குமாஸ்தா மனநல மருத்துவராக முடியுமா என்று கேட்பார்கள். ஆக வேண்டியதில்லை. ‘மனசு டாக்டர்’ வாசலை மிதிக்காதவரும் நிலுவைத் தொகை கேட்டு வருவார். அப்போது தூக்கம் எப்படி என்று கேட்கத் தெரிந்தால் போதும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வேலைக்குப் பரிந்துரைக்கும் அதிகாரியிடம் மன நோவைச் சொன்னால் துப்பாக்கியும் போகும், வேலையும் போகும் என்ற பயம். அது நியாயமான பயம். ஆகவே சிகிச்சைக் குறிப்பைப் பரிந்துரைக் கோப்பில் சேர்க்கவே கூடாது. ஆபத்து நெருங்கும் நிலை தவிர, அவர் சம்மதமின்றி ஒரு சொல்லும் அந்த மேசையைத் தாண்டக் கூடாது. எதைத் தாண்டவிடலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.