ராஜேஷ்குமார்

ராஜேஷ்குமார் (பிறப்பு: 20 மார்ச் 1947, கோயம்புத்தூர்) தமிழில் மிக அதிகமாகக் குற்றப்புனைவு எழுதியவர். இயற்பெயர் ராஜகோபால். இவர் எழுதிய நாவல்கள் 1,500-ஐத் தாண்டும்; சிறுகதைகள் தனி. பெல்ஜியத்தில் பிறந்த குற்றப்புனைவு எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனான் தம் சொந்தப் பெயரில் எழுதிய நாவல்கள் ஏறத்தாழ 200 என்பதை வைத்துப் பார்த்தால் இவர் உழைப்பின் அளவு புரியும்.

1960களின் இறுதியில் சிறுகதைகளோடு தொடங்கினார். முதல் நாவலான ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-இல் ‘மாலைமதி’ இதழில் வந்தது. மாத நாவல்கள் பெருகிய காலம் அது. சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் ஆகியோரும் அப்போது வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜி. அசோகன் நடத்திய ‘க்ரைம் நாவல்’ இதழ் ராஜேஷ்குமாரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒன்றிப்போனது. சாணித்தாளில் அச்சாகி, சில ரூபாய்க்கு விற்ற இந்தப் புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகள் வழியாகவே ஊர் ஊராகப் போயின. கோவையில் ஏறி பல்லடம், தாராபுரம் வந்து இறங்குவதற்குள் ஒரு நாவலை முடித்துவிடலாம். நூலகமோ புத்தகக் கடையோ எட்டாத வாசகர்களைப் படிக்க வைத்தது இந்த மலிவுப் பதிப்புதான். இலக்கிய வரலாறுகள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

இவருடைய தனி முத்திரை இரட்டைத்தடக் கதை. ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயங்களில் வேறொரு கதை. ஊர் வேறு, ஆட்கள் வேறு. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் யோசித்துக்கொண்டே வர, கடைசி அத்தியாயங்களில் இரண்டும் ஒரே குற்றத்தில் வந்து முட்டும். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் படிக்காமல் விட முடியாத இடத்தில் அறுபடும். முடிச்சை முன்கூட்டியே போட்டு வைக்காமல் இப்படி எழுத முடியாது. மாதம் பல நாவல்கள் என்ற கணக்கில் அதைத் தொடர்ந்து செய்தது அசாத்தியமான கட்டுப்பாடு.

துப்பறியும் அதிகாரி விவேக், அவர் மனைவி ரூபலா, கலகலப்பான உதவியாளர் விஷ்ணு ஆகியோர் இவர் படைத்த நிலையான பாத்திரங்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த் ஆகியோருக்குப் பின் வாசகர்கள் வீட்டு மனிதர்களைப் போல அறிந்தவர்கள் இவர்கள். ரூபலாவோடு விவேக் பேசும் பேச்சும் விஷ்ணுவின் குறும்பும் கொலைக்கதையின் இறுக்கத்தைத் தளர்த்தும்.

மருத்துவம், தடயவியல், புதிய ஆராய்ச்சிகள் என அறிவியல் செய்திகளைக் கதைக்குள் கொண்டுவருவதில் இவருக்கு ஆர்வம் அதிகம். செயற்கைக் கருத்தரிப்பைச் சுற்றி நகரும் ‘குற்றம் 23’ (2017) இவருடைய நாவலை வைத்து அறிவழகன் இயக்கிய திரைப்படம். சரத்குமார் நடித்த ‘சண்டமாருதம்’ (2015) படத்தின் கதையும் இவருடையது. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் வெகுஜனப் புனைவுகளின் ஆங்கிலத் தொகுப்பிலும் இவர் எழுத்து இடம்பெற்றது. தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர். பத்திரிகை அலுவலகங்கள் எல்லாம் சென்னையில் இருந்தும், கோவையிலேயே தங்கி எழுதிவருகிறார்.