கிணற்றுக்குள் ஒரு மைதானம்

ஆன் ஆர்பரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனாள். படி ஏற வேண்டியிருக்கும் என்று முழங்காலை நினைத்துத் தயங்கினேன். ஏறவே இல்லை. தரைமட்டத்தில் நடந்து உள்ளே நுழைந்தால், காலடியிலிருந்து வரிசை வரிசையாகப் படிகள் கீழே இறங்குகின்றன. அடியில் பச்சைப்பசேல் என்று ஆட்டக்களம். எங்கள் ஊர்க் கமலைக் கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் இந்தக் கிணற்றை வெட்ட யார் பணம் கொடுத்தார்கள்? முப்பது வருஷம் கல்லூரியில் உடற்கல்வி வாத்தியாராக இருந்தவன் நான். மைதானத்துச் சுற்றுச்சுவருக்காக ரசீதுப் புத்தகத்தோடு பழைய மாணவர்களின் கடைவாசல்களில் நின்றிருக்கிறேன். எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

இதற்கு முந்தைய மைதானத்துக்கு நிலம் தந்தவர் டெட்ராய்ட் விதை வியாபாரி டெக்ஸ்டர் ஃபெரி. அவர் பெயரிலேயே ஃபெரி ஃபீல்டு. நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அதுவும் 1920களில் போதவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் பல பல்கலைக்கழகங்கள் ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 1922இல் கட்டி முடித்துவிட்டது. மிச்சிகனின் விளையாட்டு இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட், 1901இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக வந்தவர், இன்னும் பெரிதாக ஒன்று வேண்டும் என்று நின்றார். பேராசிரியர்களில் பலருக்கு அதில் விருப்பமில்லை. படிப்பை ஆட்டம் விழுங்கிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

இதை ஆராய்ந்த ஒரு பல்கலைக்கழகக் குழு, எட்மண்ட் டே தலைமையில், 1926இல் அறிக்கை தந்தது. ஸ்டேடியம் கட்டலாம், ஆனால் சாதாரண மாணவர்களும் மாணவிகளும் விளையாட இடம் செய்து தர வேண்டும் என்றது. இந்த வரலாற்றின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது என்பேன்.

மக்கள் வரிப்பணத்தைத் தொடவில்லை. யோஸ்ட் கடன் பத்திரம் போட்டார். பத்திரம் ஒன்று 500 டாலர், மொத்தம் 3,000 பத்திரங்கள், வட்டி 3 சதவீதம். 1925இல் ஃபோர்டு மாடல் டி காரின் மலிவான ரகம் 260 டாலர்தான். வாங்கியவருக்கு வட்டியோடு இன்னொன்றும் உண்டு. பத்து வருஷம், இரண்டு 30 கெஜக் கோடுகளுக்கும் இடையில், அதாவது களத்தின் நடுப்பகுதியை ஒட்டி, நல்ல இடமாக டிக்கெட் வாங்கும் உரிமை. டிக்கெட் இலவசம் அல்ல, அதை வாங்கும் உரிமை மட்டும்தான். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் நல்ல இருக்கைக்கு முன்பணமாக நன்கொடை கேட்கிறார்கள். அதில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்குகூட இருந்தது. 2017இல் வந்த வரிச் சட்டம்தான் அதை நீக்கியது. ஆனால் யோஸ்ட் வாங்கியது கடன், திருப்பித் தர வேண்டிய பணம். இன்று கொடுப்பது திரும்பி வராது. இந்த வித்தியாசம் சிறியதல்ல.

தோண்டியபோது ஊற்று பொங்கியது. ஒரு இயந்திரம் அதில் புதைந்து இன்னும் உள்ளேதான் கிடக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். 1927 அக்டோபர் 1, முதல் ஆட்டம். மழை, வந்தது சுமார் 17,000 பேர். மூன்று வாரம் கழித்து ஒஹாயோவுடன் ஆடியபோது 84,000க்கும் மேல். பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வசூல் விழுந்தது, கடனை அடைப்பது பெரும்பாடாயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லோருக்கும் விளையாட்டு என்பது யோஸ்ட்டின் முழக்கம். அதே யோஸ்ட், 1934இல் ஜார்ஜியா டெக் அணி கறுப்பருடன் ஆட மறுத்தபோது, தன் அணியின் சிறந்த வீரர் வில்லிஸ் வார்டை வெளியே நிறுத்தச் சம்மதித்தார். அவர் கட்டிய எந்தக் கட்டடமும் அந்தத் தவறை மறைக்காது.

ஆனாலும் டே குழுவின் நிபந்தனை காற்றில் போகவில்லை. 1928இல் ஹூவர் தெருவில் ஒரு கட்டடம் எழுந்தது. கல்லூரி அணியில் இல்லாத சாதாரண மாணவர்கள் தங்களுக்குள் விளையாடுவதற்கென்றே ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் கட்டிய முதல் கட்டடம் அது என்கிறார்கள். மாணவிகளுக்கும் அதே ஆண்டு தனிக் கட்டடம் வந்தது. நான் போன அன்று ஹூவர் தெருக் கட்டடத்தில், எந்த அணியிலும் இடம் கிடைக்காத உடம்புவாகு கொண்ட ஒரு பையன், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, தனியாகப் பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் நின்று பார்த்தேன்.

ஆன் ஆர்பருக்குப் போகிறவர்கள் பெரிய ஸ்டேடியத்தோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச தூரம் நடந்து அந்தக் கட்டடத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள்.