மிஞ்சிய கால்

புதுச்சேரிக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய யுத்த ஞாபகச் சின்னத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பிரான்ஸுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது அது. அந்த யுத்தத்தில் உயிர் தப்பிக் கால் மட்டும் போனவர்களும் ஏராளம். அவர்களில் பலர் மரக்காலைக் கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுக்கும்வரை வாழ்ந்தார்கள். குண்டு பட்டது காலில். இருதயத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

சர்க்கரை வியாதியால் போகிற கால் அப்படியல்ல. ஆபரேஷன் முடிந்து, "உயிராவது தப்பியதே!" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் டாக்டர்கள் பல தேசங்களில் போட்டிருக்கும் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே காலை இழந்த இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து வருஷங்களைத் தாண்டுவதில்லை. புற்றுநோய்களில் பலவற்றுக்குக்கூட இதைவிட நல்ல கணக்கு உண்டு. காலின் ரத்தக் குழாயை அடைத்த வியாதி இருதயத்தையும் சிறுநீரகத்தையும் விட்டு வைப்பதில்லை என்பதுதான் காரணம். மிஞ்சிய காலுக்கோ இரண்டு கால்களின் பாரம்!

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் ஒரு வைத்தியப் பள்ளியை ஆரம்பித்தார்கள். இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், அதன் வழியில் வந்ததே. அந்தப் பள்ளி தோன்றியபோது மேல்நாட்டு வைத்தியத்தில் மயக்க மருந்து கிடையாது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நினைவோடு இருப்பவனின் காலை அறுத்தார்கள். 1846-ல் பாஸ்டனில் ஈதர் வந்தது; 1867-ல் லிஸ்டர், புண் அழுகாமல் காக்கும் முறையைப் பிரசுரித்தார். கத்திக்குப் பயம் குறைந்தது. 1922-ல் டொரண்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்ஸுலின் போட்டார்கள். இனிக் கவலையில்லை என்றுதானே நினைக்கத் தோன்றும்? 1934-ல் பாஸ்டன் டாக்டர் எலியட் ஜாஸ்லின் வேறு விதமாக எச்சரித்தார். மயக்கம் வந்து சீக்கிரம் செத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது நெடுநாள் பிழைத்திருந்தார்கள். அதனாலேயே கால் அழுகுகிறவர்கள் பெருகினார்கள். அது தலைவிதியல்ல, தடுக்கக்கூடியது என்பதே அவர் கட்சி.

தடுக்கும் வழிக்கு வெளிச்சம் கிடைத்த இடங்களில் ஒன்று நம் வேலூர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குஷ்டரோகிகளைக் கவனித்து வந்தார். அவர்களுடைய விரல்கள் வியாதியினால் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததனால் காயம்பட்டுக் காயம்பட்டு அழிகின்றன என்று கண்டார். மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். வேலூரில் கற்ற அந்தப் பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கும் பொருந்தியது. நம் ஆஸ்பத்திரிகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தச் செருப்பின் பூர்வோத்தரம் இதுதான்.

என் பெரியப்பா அதைப் போட்டுக்கொண்டது காலந்தாழ்ந்து. ஒரு சித்திரை மாதம் உச்சிவேளையில் மணக்குள விநாயகரைத் தரிசித்துவிட்டு வெறுங்காலோடு வீதியில் நடந்து வந்தார். உள்ளங்கால் முழுதும் கொப்புளித்திருப்பதை மறுநாள் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தார். முதலில் ஒரு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. முழங்கால் தப்பியது பாக்கியம். அதற்கு மேலே எடுத்திருந்தால் அந்த வயதில் பொய்க்காலோடு நடப்பது சிரமம். அவர் கோலை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

பெரியம்மா இரவில் சாப்பாடு ஆனதும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்காருவாள். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம் பார்த்தாக வேண்டும். "என்னடி, தினமும் புதையலா தேடுகிறாய்?" என்று கேட்பார் பெரியப்பா. அவள் பதில் சொல்ல மாட்டாள். நாலாவது வருஷம் அவர் மாரடைப்பில் போனார். அந்தக் காலில் ஒரு கீறல்கூட இல்லை.